கதர் லுங்கிக்காகக் கொடுத்த எட்டரை சென்ட்

1983 மார்ச் 5-ஆம் தேதி ஒருவர் தன் நிலத்தில் 3,750 சதுர அடியைத் தமிழ்நாடு கதர் கிராமத் தொழில் வாரியத்துக்குத் தானமாக எழுதிக் கொடுத்தார். இடம், கடலூர் மாவட்டம் கோட்லாம்பாக்கம் ஊராட்சி. அப்போது அது தென்னாற்காடு மாவட்டம். கடலூர் தனியாகப் பிரிந்தது 1993-ல்தான். கொடுத்த நிலம் சென்ட் கணக்கில் ஏறத்தாழ எட்டரை. கதர் லுங்கி, கதர் நூல் முதலியவற்றைத் தயாரிக்க அந்த இடம் பயன்பட வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தது. ஏறக்குறைய நான்கரை ஆண்டு போனது. 1987 ஆகஸ்ட் 17 அன்று அதே மனிதர், அந்தத் தானத்தை ரத்து செய்வதாக இன்னொரு பத்திரம் எழுதினார்.

அந்த இரண்டாவது பத்திரம் செல்லுமா என்ற கேள்விக்கு முடிவான பதில் கிடைத்த நாள் 2024 அக்டோபர் 24. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பங்கஜ் மித்தல், உஜ்ஜல் புயான் அமர்வு. 2024 ஐ.என்.எஸ்.சி. 817 என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எண்ணில் அதைத் தேடி எடுக்கலாம். தானம் கொடுத்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் 41 ஆண்டு 7 மாதம். எட்டரை சென்ட்டுக்கு!

கொடுத்தவர் தனிமனிதர் என்பதால் பெயரைத் தவிர்த்து, கொடையாளர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். வாரியம் 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த பொது அமைப்பு.

இந்த வழக்கை எடுத்துக்கொள்ளக் காரணம், இதே கதை நம் ஊர்களில் அடிக்கடி நடப்பதுதான். "அந்தப் பள்ளிக்கூடம் இருக்கிற இடமே எங்க தாத்தா கொடுத்ததுதான்" என்று சொல்லும் குடும்பம் இல்லாத ஊர் குறைவு. சுகாதார நிலையத்துக்கு, தண்ணீர்த் தொட்டிக்கு, ரேஷன் கடைக்கு, சுடுகாட்டுப் பாதைக்கு என்று யாரோ ஒருவர் எழுதிக் கொடுத்திருப்பார். பாதி இடங்களில் சொன்ன கட்டடம் எழும்பும். மீதி இடங்களில் கருவேல முள்தான் எழும்பும். அப்புறம் நிலத்தின் விலை ஏறும், கொடுத்தவரின் பிள்ளைகள் வளர்வார்கள். "சொன்னபடி நீங்கள் ஒன்றும் கட்டவில்லையே, இடத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்ற பேச்சு அங்கேதான் தொடங்கும். கேட்பவர் பக்கம் நியாயம் இருப்பதுபோலவே தோன்றும். சட்டம் என்ன சொல்கிறது என்பதுதான் விஷயம்.

நான்கு படிகள்

ரத்துப் பத்திரத்துக்குப் பிறகு இடம் கொடையாளர் கையில்தான் இருந்தது. ஆகவே உரிமை தனதே என்று விளம்பவும் (அதாவது நீதிமன்றம் அறிவிக்கவும்), சுவாதீனத்தை மீட்டுத் தரவும் கேட்டு வழக்குப் போட்டது வாரியம். கொடையாளரின் பதில் இரண்டு கால்களில் நின்றது. ஒன்று, தானத்தை வாரியம் ஏற்கவே இல்லை, ஆகவே அது தொடக்கத்திலேயே தானம் ஆகவில்லை. இரண்டு, அப்படியே ஆகியிருந்தாலும் 1987-ல் ரத்து செய்தாயிற்று.

விசாரணை நீதிமன்றம் 1994 ஆகஸ்ட்டில் கொடையாளர் பக்கம் நின்றது. தானம் ஏற்கப்படவும் இல்லை, செயலுக்கு வரவும் இல்லை என்று சொல்லி வழக்கைத் தள்ளியது. முதல் மேல்முறையீட்டில், 1997-ல், முடிவு தலைகீழானது. இரண்டாம் மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் வாரியத்தின் வெற்றியை உறுதி செய்தது. கொடையாளர் டெல்லிக்குப் போனார். அங்கே இன்னொரு 13 ஆண்டு.

ஏற்றுக்கொண்டாரா, இல்லையா

சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882-ன் பிரிவு 122-ன்படி, தானம் முழுமையாக மூன்று வேண்டும்: கொடுப்பவர் தானாக, கைமாறு இல்லாமல் கொடுக்க வேண்டும், பெறுபவர் அதை ஏற்க வேண்டும், அந்த ஏற்பு கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே, அவருக்குக் கொடுக்கும் தகுதி இருக்கும்போதே நடக்க வேண்டும். நிலம் என்றால் பிரிவு 123 கூடுதலாகப் பதிவும் இரண்டு சாட்சிக் கையெழுத்தும் கேட்கிறது.

இதில் ஏற்பு என்பதுதான் வழக்கறிஞர்கள் முதலில் கைவைக்கும் இடம். ஏற்பு இல்லை என்று காட்டிவிட்டால் ரத்து பற்றிய பேச்சே தேவையில்லை. தானமே பிறக்கவில்லை என்று முடிந்துவிடும். 1997-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் முடித்தது: கொடுத்தவர் சுவாதீனத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, நிபந்தனை போட்டு எழுதி, பெறுபவர் ஏற்பதற்குள் ரத்தும் செய்துவிட்டார். அந்த ரத்து நின்றது.

கோட்லாம்பாக்கம் விஷயம் வேறு. வாரியம் சொத்தை ஏற்றுக்கொண்டு அன்றைக்கே சுவாதீனம் எடுத்துக்கொண்டது என்று 1983 பத்திரத்திலேயே வாசகம் இருந்தது. பிறகு வாரியம் தன் பேருக்கு மாற்றக் கேட்டு விண்ணப்பித்தும் இருந்தது. தன் கையெழுத்துக்குக் கீழேயே "ஏற்றுக்கொண்டது" என்று எழுதவிட்டவர் பிற்பாடு "ஏற்கவில்லை" என்றால் நீதிமன்றம் எப்படி நம்பும்? உச்ச நீதிமன்றம் இந்தப் பகுதியில் அதிக நேரம் செலவிடவில்லை. எனக்கும் இதில் சந்தேகம் இல்லை. விசாரணை நீதிமன்றம் அந்த வாசகத்துக்கு ஏன் அவ்வளவு குறைந்த எடை கொடுத்தது என்பதுதான் ஆச்சரியம்.

ஏற்பைக் காட்டப் பெரிய சடங்கு எதுவும் சட்டத்தில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டாலே சில சமயம் போதும். 2014-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு, அசையாச் சொத்தின் தானத்துக்குச் சுவாதீனம் ஒப்படைப்பது கட்டாயம் இல்லை என்றே சொல்லியிருக்கிறது. கொடுத்தவர் சாகும்வரை அந்த வீட்டிலேயே குடியிருந்தாலும் தானம் செல்லும்.

பிரிவு 126

இனி மையக் கேள்வி. முழுமையான ஒரு தானத்தை எப்போது திரும்பப் பெறலாம்? பிரிவு 126 திறந்து வைத்திருக்கும் வாசல்கள் இரண்டே இரண்டு.

முதல் வாசல்: இன்ன நிகழ்வு நடந்தால் தானம் ரத்தாகும் என்று கொடுப்பவரும் பெறுபவரும் சேர்ந்து ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அந்த நிகழ்வு கொடுப்பவரின் விருப்பத்தைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. சட்டமே தரும் உதாரணம்: ஒருவர் வயலைக் கொடுக்கிறார். பெறுபவரும் அவர் சந்ததியும் தனக்கு முன்பே இறந்துபோனால் வயல் தனக்கே திரும்ப வேண்டும் என்று, பெறுபவரின் சம்மதத்தோடு எழுதுகிறார். இது செல்லும். இன்னொரு உதாரணம்: ஒரு லட்சம் ரூபாய் கொடுத்து, அதில் 10,000-ஐ எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வேன் என்கிறார். 90,000-க்குத் தானம் நிற்கும். அந்த 10,000-க்குத் தானமே இல்லை. விளையாட்டாகப் படித்தால் வேடிக்கையாக இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் யோசனை கூர்மையானது: நினைத்தபோது திரும்ப எடுக்கலாம் என்றால் அது கொடுத்ததே ஆகாது.

இரண்டாவது வாசல்: ஒப்பந்தமாக இருந்தால் எந்தக் காரணங்களுக்காக ரத்து செய்யலாமோ, அந்தக் காரணங்கள். மிரட்டல், மோசடி, தகாத செல்வாக்கு, பொய்த் தகவல் போன்றவை. கைமாறு இல்லை என்பதை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. தானம் என்றாலே கைமாறு இல்லாததுதானே.

இவை இரண்டையும் தவிர வேறு வழி இல்லை என்று அந்தப் பிரிவு அழுத்தமாகச் சொல்லி முடிக்கிறது. கொடையாளர் ஏமாற்றப்பட்டார் என்றோ மிரட்டப்பட்டார் என்றோ இந்த வழக்கில் கதை இல்லை. ஆகவே இரண்டாம் வாசல் அடைப்பு. முதல் வாசலில் நுழையப் பத்திரத்தில் ஓர் ஒப்பந்த வாசகம் வேண்டும். அது இல்லை.

'இதற்காக' என்பதும் 'இல்லாவிட்டால்' என்பதும்

வழக்கின் உயிர் இருப்பது இங்கே. கொடையாளரின் மனக்குறை புரியாதது அல்ல. கதர் லுங்கி நெய்யத்தான் கொடுத்தேன், இடம் வெறுமனே கிடந்தது, அப்புறம் எதற்கு உங்களிடம் இருக்க வேண்டும்? ரத்துக்கு அது ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் அப்படிக் காலியாகக் கிடந்தால் தானம் ரத்தாகும் என்று இரு தரப்பும் எங்கே ஒப்புக்கொண்டார்கள் என்பது அதன் கேள்வி. பத்திரத்தில் நோக்கம் இருந்தது. நோக்கம் நிறைவேறாவிட்டால் என்ன என்பது இல்லை.

பேச்சு வழக்கில் நாம் இவை இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. "பள்ளிக்கூடம் கட்டக் கொடுத்தேன்" என்று ஒருவர் சொன்னால், கட்டாவிட்டால் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதற்குள்ளேயே இருப்பதாகத்தான் கேட்பவர் காதில் விழும். பத்திர மொழியில் அப்படி இல்லை. முதல் பாதி நோக்கம். இரண்டாம் பாதி நிபந்தனை. எழுதாத இரண்டாம் பாதியை நீதிமன்றம் தானாக எழுதிச் சேர்க்காது.

இந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது அதே சட்டத்தின் பிரிவு 11-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒரு சொத்து ஒருவருக்கு முழு உரிமையோடு போய்விட்டால், அதை இன்ன விதமாகத்தான் அனுபவிக்க வேண்டும் என்று கூடவே ஒரு கட்டளை எழுதியிருந்தாலும், அந்தக் கட்டளை இல்லாததுபோலவே அவர் சொத்தை அனுபவிக்கலாம் என்கிறது அது. அதாவது வெறும் கட்டளைக்குப் பல் இல்லை. பல் வேண்டுமானால் பிரிவு 31 இருக்கிறது: நிச்சயமில்லாத ஒரு நிகழ்வு நடந்தால் உரிமை அற்றுப்போகும் என்று வெளிப்படையாக எழுதலாம். பொது அமைப்புக்குக் கொடுத்த நிலத்தை அறக்கட்டளைச் சொத்தாகவும் பார்க்க இடமுண்டு என்பதால் பிரிவு 11-ஐ இங்கே கண்மூடித்தனமாகப் பொருத்த முடியாது. ஆனாலும் சட்டத்தின் மனப்போக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று அது காட்டுகிறது.

எதிர்ப்பக்க உதாரணமும் ஒன்று இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் பெண்கள் மருத்துவமனை ஒன்றுக்காக ஒருவர் அரசிடம் பணம் கொடுத்தார். வெறுமனே கொடுக்கவில்லை, சில நிபந்தனைகள் நிறைவேறினால் என்று கொடுத்தார். அவை நிறைவேறவில்லை. 1974-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பில், நிபந்தனை நிறைவேறாததால் தானம் முழுமையாகவே இல்லை, பணத்தை அரசு திருப்பித் தர வேண்டும் என்று முடிவானது. அங்கேயும் இங்கேயும் பெறுபவர் பொது அமைப்பு, நோக்கம் பொதுநலம், சொன்னது நடக்கவில்லை. ஒன்றில் கொடுத்தவர் பக்கம் ஜெயித்தது, மற்றதில் தோற்றது. வித்தியாசம் முழுக்க எழுதிய விதத்தில்.

பழைய சாசனங்களில் தானம் செய்த அரசர்கள் இதை வேறு விதமாகக் கையாண்டார்கள். சந்திராதித்தர் (சந்திரனும் சூரியனும்) உள்ளவரை என்று எழுதி, இந்தத் தர்மத்தைக் காத்தவன் பாதம் என் தலை மேல் என்றும், அழித்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்றும் கல்லில் வெட்டினார்கள். பெறுபவரைவிடத் தன் வழித்தோன்றல்களையே அதிகம் சந்தேகப்பட்டிருக்கிறார்கள் போலும். 126-க்கு முன்னோடி என்று சொன்னால் மிகை. ஆனால் கொடுத்தவர் வீட்டுக்குள்ளிருந்துதான் கேட்பார்கள் என்ற பயம் புதிதல்ல.

மூன்று ஆண்டா, பன்னிரண்டு ஆண்டா

கொடையாளருக்கு இன்னொரு ஆயுதம் இருந்தது, அது கொஞ்சம் வலுவானதும்கூட. 1987-ல் ரத்து செய்தேன். வாரியம் மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போடவில்லை. விளம்புகை கேட்கும் வழக்குக்கு காலவரையறைச் சட்டம் 1963-ன் ஆர்ட்டிகிள் 58 மூன்று ஆண்டுதான் தருகிறது. ஆகவே வழக்கே காலங்கடந்தது.

உச்ச நீதிமன்றம் இதை இப்படி அவிழ்த்தது. வாரியம் கேட்டது விளம்புகை மட்டும் அல்ல. உரிமையின் அடிப்படையில் சுவாதீனத்தையும் கேட்டது. உரிமையை வைத்துச் சுவாதீனம் கேட்கும் வழக்குக்கு ஆர்ட்டிகிள் 65-ன்படி 12 ஆண்டு, அதுவும் எதிராளியின் அனுபவம் எதிரிடையாக, அதாவது உரிமையாளரை மறுத்துத் தனதே என்பதாக, மாறிய நாளிலிருந்து. சுவாதீனத்துக்கான காலம் முடிந்தால்தான் அதே காலவரையறைச் சட்டத்தின் பிரிவு 27-ன்படி உரிமையே அழியும். உரிமை உயிரோடு இருக்கும்வரை, அது என்னுடையது என்று விளம்பக் கேட்பதும் உயிரோடு இருக்கும். ஆகவே விளம்புகை என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு மூன்று ஆண்டில் கதவைச் சாத்த முடியாது.

இன்னொரு முடிச்சும் இதில் தானாக அவிழ்கிறது. ரத்துப் பத்திரம் எழுத கொடையாளருக்கு அதிகாரமே இல்லையென்றால், அந்தத் தாளால் வாரியத்தின் உரிமைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைத் தனியாக எதிர்த்து ரத்து செய்யச் சொல்லிக் கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

ஆனால் இதைப் பொது அமைப்புகள் தெம்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 12 ஆண்டு என்பது நிஜமான எல்லை. தானம் வாங்கிவிட்டு வேலி போடாமல், பட்டா மாற்றாமல், கொடுத்தவரே உழுதுகொண்டிருக்க விட்டு 12 ஆண்டு தூங்கினால், எதிரிடை அனுபவம் என்று ஒருநாள் வந்து நிற்பார்கள். மாநில அரசே வாதி என்றால் 30 ஆண்டு அவகாசம் உண்டு. உள்ளாட்சி அமைப்புக்கு அந்த 30 ஆண்டு பொதுச் சாலை, தெரு விஷயத்தில் மட்டும். ஊராட்சிக்குத் தானமாக வந்த விளையாட்டுத் திடலுக்கு அந்தச் சலுகை இல்லை. இந்த வேறுபாடு பல அலுவலகங்களில் தெரிந்திருப்பதாகத் தோன்றவில்லை.

இன்று அப்படி ஒரு ரத்துப் பத்திரம் எழுத முடியுமா

சுலபமாக முடியாது. 2022 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, ஒருவர் மட்டும் வந்து கொடுக்கும் ரத்துப் பத்திரத்தைச் சார்பதிவாளர் பதிவு செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டது. கிரயத்துக்கு மட்டும் அல்ல, தானத்துக்கும் செட்டில்மெண்ட்டுக்கும் சேர்த்துத்தான். பிரிவு 126-க்குள் வரும் ஒப்பந்த வாசகம் பத்திரத்திலேயே இருந்தால் கதை வேறு. மற்றபடி ரத்து வேண்டுமானால் உரிமையியல் நீதிமன்றம்தான்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். மூத்த குடிமக்கள் சட்டம் 2007-ன் பிரிவு 23-ஐக் காட்டி, "பெற்றோர் கொடுத்த செட்டில்மெண்ட்டை ரத்து செய்கிறார்களே, நான் ஊராட்சிக்குக் கொடுத்ததை ஏன் முடியாது?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பிரிவு, என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு முதியவர் கொடுத்த சொத்துக்கு. பள்ளிக்கூடமோ கதர் வாரியமோ யாரையும் பராமரிப்பதாக வாக்குக் கொடுத்துச் சொத்து வாங்குவதில்லை.

மனை போடுபவர்கள் உள்ளாட்சிக்குக் கொடுக்கும் பூங்கா இடம் இதன் பக்கத்து வீட்டுக் கதை. சென்னைப் பகுதியில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் திட்ட அனுமதி வேண்டுமானால், 10 விழுக்காட்டைத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்க வேண்டும். கட்டாயப்படுத்தி வாங்குவது எப்படித் தானம் ஆகும் என்று எதிர்த்தவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023 பிப்ரவரியில் விதி செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. அனுமதியை வாங்கிக்கொண்டு, வீடுகளை விற்றுவிட்டு, பூங்கா இடத்தை மட்டும் திருப்பிக் கேட்பது இனி எடுபடாது.

சரி, திரும்ப வாங்க முடியாது. கொடுத்த நோக்கத்துக்குப் பயன்படுத்தச் சொல்லவாவது முடியுமா? அதற்கு வழி கொஞ்சம் திறந்திருக்கிறது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது, குடியிருப்புவாசிகளே வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அது தானம் பற்றிய வழக்கு அல்ல, திட்டமிடல் சட்டம் பற்றியது. ஆனாலும் பொது இடத்தின் நோக்கத்தைக் காக்கக் கேட்கும் உரிமை, நிலத்தைக் கொடுத்தவருக்கு மட்டும் சொந்தமல்ல என்பது அதில் தெளிவாகிறது.

இனிமேல் கொடுக்கப்போகிறவர் என்ன எழுத வேண்டும்? "பள்ளிக்கூடம் கட்டுவதற்காக" என்று நிறுத்திக்கொண்டால் கோட்லாம்பாக்கம் கதைதான். "இந்தத் தேதியிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் மேற்படி இடத்தில் பள்ளிக் கட்டடம் கட்டி முடிக்கப்படாவிட்டால் இந்தத் தானம் ரத்தாகி, சொத்து எனக்கோ என் வாரிசுகளுக்கோ திரும்பும் என்று இரு தரப்பும் சம்மதிக்கிறோம்" என்ற மாதிரி ஒரு ஷரத்து வேண்டும். கீழே பெறுபவர் சார்பில் அதிகாரம் உள்ளவர் கையெழுத்தும் வேண்டும். அது இருதரப்பு ஒப்பந்தம் என்பதைக் காட்டுவது அந்தக் கையெழுத்துதான். அலுவலகங்கள் நிபந்தனை இல்லாத பத்திரத்தைத்தான் விரும்பும், "சார், இதெல்லாம் வேண்டாம், நாங்க கட்டிடுவோம்" என்பார்கள். அந்த ஒரு பேச்சுக்குப் பேனாவை மூடிவைக்கிறவர்கள்தான் பிற்பாடு நீதிமன்றப் படி ஏறுகிறார்கள்.

தீர்ப்பு சட்டப்படி சரி என்பதே என் கருத்து. ரத்து சுலபமானால், தானமாக வந்த எந்த நிலத்திலும் பொதுப் பணத்தைப் போட்டு ஒரு சுவர்கூட எழுப்ப முடியாது. ஆனாலும் படித்து முடித்தபின் ஒன்று நெருடுகிறது. வழக்கு கேட்டது உரிமையும் சுவாதீனமும். நீதிமன்றம் கொடுத்ததும் அவ்வளவே. அந்த எட்டரை சென்ட்டில் இனியாவது கதர் லுங்கி நெய்ய வேண்டும் என்று நான்கு நீதிமன்றங்களிலும் யாரும் கேட்கவில்லை.